பங்காளிக்கு மாத்திரை கிடையாது

சென்னியப்பன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு இறந்துபோனார். அந்த நேரத்தில் அவர் எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டாவது வடையைச் சாம்பாருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார்.

இறந்தது அவருடைய நிழல். என் மேஜைத் திரையில் பச்சையாக இருந்த 0217 என்ற எண் சாம்பல் நிறமானது. அதன் கீழே ஒரு வரி வந்தது: 'நிழல் காலமானது. காரணம்: இதயச் செயலிழப்பு. ஜோடி நிறைவு.' சம்பந்தப்பட்ட ஆளுக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆள் கீழேதான் இருக்கிறார் என்பதால் இறங்கிப் போனேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் பொது மருத்துவ மேற்படிப்பில் இருந்தேன். ஒரு இரவுப் பணியில் நான்காவது இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். அதை எடுக்கத் திரும்பிப் போகவில்லை. கேட்டவர்களிடம் முதுகுவலி என்று சொன்னேன். இப்போது ஈரோட்டில் பகல் வேலை, மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர். சாவுச் செய்தி சொல்வது இங்கேயும் உண்டு. செத்தவரிடமே போய்ச் சொல்வதுதான் வித்தியாசம். சென்னியப்பனுக்கு முன்னால் ஐம்பத்தொரு பேரிடம் சொல்லியிருந்தேன். சிலர் அழுதார்கள், சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் தப்பித்த சந்தோஷத்தில் லட்டு கொடுத்தார்.

ஆய்வு எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். வயதானவர்களில் சிலருக்கு இதயம் நன்றாகவே அமுக்கும், ஆனால் தசை விறைத்துப்போய் சரியாக விரியாது. காலில் நீர் சேரும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், மூன்று தலையணை இல்லாமல் படுக்க முடியாது. இதற்கு எந்த மாத்திரை உண்மையில் ஆயுளைக் கூட்டுகிறது என்று பொது மருத்துவர்கள் ஐம்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குப் புதிதாக வந்தது எங்கள் மஞ்சள் மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கடையில் கிடைக்காது. ஆய்வில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

பதினாறு மாதங்களுக்கு முன் சென்னியப்பனை ஆய்வில் சேர்த்தபோது நான்தான் விளக்கம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே அவர் மனைவி பாவாத்தாள் உட்கார்ந்திருந்தார், வாக்குமூலம் எடுக்க வந்தவர் மாதிரி.

"முன்னெல்லாம் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குச் சுண்ணாம்பு மாத்திரை கொடுப்பாங்க. யாருக்கு எதுன்னு தெரியாது. இப்ப எல்லாருக்கும் நிஜ மருந்துதான். சுண்ணாம்பு மாத்திரை உங்க நிழலுக்கு" என்றேன்.

"நெழலுன்னா என்னதுங் அம்முணி?"

"கம்ப்யூட்டர்ல உங்களை மாதிரியே ஒருத்தர். உங்க வயசு, உங்க ரத்தம், உங்க ஸ்கேன் எல்லாம் அவருக்கும் அதேதான். நீங்க எவ்வளவு நடக்கறீங்கன்னு கையில கட்டற வாட்ச் சொல்லும், அவரும் அவ்வளவு நடப்பார். என்ன சாப்பிடறீங்கன்னு அம்மா வாரா வாரம் எழுதிக் கொடுப்பாங்க, அவரும் அதையே சாப்பிடுவார். மஞ்ச மாத்திரை மட்டும் அவருக்குக் கிடையாது. ரெண்டு பேர்ல யார் எப்படி இருக்கீங்கன்னு பார்த்தா, மாத்திரை வேலை செய்யுதான்னு தெரிஞ்சுரும்."

சென்னியப்பன் இதைச் சற்று நேரம் மென்றார். "அப்ப என்ற சோறு, என்ற நடை, என்ற நோவு எல்லாத்துலயும் அவனுக்குப் பங்கு இருக்குது. நெழலுன்னு ஏன் சொல்றீங். பங்காளின்னு சொல்லுங்."

"பங்காளிக்குக் குடுக்காமத் திங்கறது இவிங்க வமுசத்துக்குப் புதுசுங்களா" என்றார் பாவாத்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நிழலின் நிலவரத்தை ஆள் தன் கைப்பேசியில் பார்க்கலாம். மாத்திரை இல்லாமல் நிழல் படும் பாட்டைப் பார்த்தால் ஆள் மாத்திரையை மறக்க மாட்டார் என்பது மருந்து நிறுவனத்தின் கணக்கு. சென்னியப்பன் விஷயத்தில் அது வேறு விதமாக வேலை செய்தது. பங்காளி முன்னேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவர். விடிந்ததும் கைப்பேசியைப் பார்ப்பார். பங்காளி நேற்று நாலாயிரம் அடி நடந்திருப்பான். இவர் ஐயாயிரம் நடப்பார். மறுநாள் பார்த்தால் அவனும் ஐயாயிரம். "எவ்வளவு நடந்தாலும் சரிக்குச் சரி வந்துர்றானுங்" என்று என்னிடம் புகார் சொன்னார். நீங்கள் நடப்பதைத்தான் அவன் நடக்கிறான் என்று நான்கு தடவை விளக்கினேன். அது அவருக்குப் புரியாமல் இல்லை. ஒத்துக்கொள்ள மனமில்லை.

ஊறுகாய் விஷயத்தில் பாவாத்தாள் பங்காளியின் கட்சி. இவர் ஒரு துண்டு தொட்டால் போதும், வாரப் படிவத்தில் எழுதிவிடுவார். உங்களால் அந்த மனுசனுக்குக் கால் வீங்குகிறது என்று சத்தம் போடுவார். உண்மையிலேயே எட்டாவது மாதத்தில் நிழலுக்குக் கால் வீங்கியது. சென்னியப்பனுக்கு வீக்கம் வடிந்து, மூன்று தலையணை ஒன்றாகக் குறைந்திருந்தது. பங்காளி மூன்றிலேயே இருந்தான். அந்த மாதம் சென்னியப்பன் என் மேஜைக்கு வந்து தன் கணுக்காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அவரிடம்தான் இப்போது போய்ச் சொன்னேன், உங்கள் நிழல் இறந்துவிட்டது என்று.

அவர் வடையிலிருந்து கையை எடுத்தார். "எப்பங்க?"

"பத்து நாப்பதுக்கு."

"அப்ப வடை தின்னுட்டிருந்தனுங்களே."

"அவரும் தின்னுட்டுத்தான் இருந்திருப்பார்."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "மாத்திரை இல்லாமத்தான் செத்தானுங்களா?"

"ஆமா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங் அம்முணி. ஒண்ணுகூட இல்லாமயா?"

"ஒண்ணுகூட இல்லாமத்தான்."

யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி முகம் போனது. பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த செய்தியையும் சொன்னேன். நிழல் இறந்துவிட்டதால் ஜோடி முடிந்தது. அவருக்கும் இன்றிலிருந்து மாத்திரை கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவாத்தாள் எழுந்தார். "செத்தது அவன். மாத்திரைய நிறுத்தறது இவருக்குங்களா?"

ஒப்பிட நிழல் இல்லாதபோது, அங்கீகாரம் பெறாத மருந்தை ஒருவருக்குத் தொடர்ந்து கொடுப்பது வெறும் சோதனை, அது அறமில்லை என்று அறக்குழு தீர்மானித்திருந்தது. காகிதத்தில் படித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேன்டீனில் நின்று சொன்னால் முட்டாள்தனமாக இருந்தது. இந்த மாத்திரை இல்லாவிட்டால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்று நிரூபணமாகிவிட்டது, ஆகவே இந்த மாத்திரையை நிறுத்துகிறோம்.

பாவாத்தாள் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். பங்காளி என்று பதினாறு மாதம் கூப்பிட்டாயிற்று, பங்காளி செத்தால் தீட்டு உண்டு என்பது அவர் வாதம். பதினாறு நாள் கோயிலுக்குப் போகக் கூடாது.

நான் டாக்டர் ஷெரின் தேவசகாயத்திடம் போனேன். அவர்தான் பொது மருத்துவத் துறைத் தலைவர், எங்கள் மையத்தின் முதன்மை ஆய்வாளரும் அவரே. ஊர் நாகர்கோவில். ஈரோட்டில் இருபது வருடம் இருந்தும் பேச்சு இன்னும் பாதி வழிதான் வந்திருந்தது.

"அந்த விதிக்கு நான்தானே பிள்ளே ஒப்பு போட்டேன். அன்னைக்கு வாசிக்க நல்லா இருந்துச்சு கேட்டியா" என்றார்.

விதியை மாற்ற முடியாதா என்று கேட்டேன். நடுவில் மாற்றினால் ஆய்வே செல்லாது என்றார். ஒரே ஒரு சந்து உண்டு. நிழலைக் கட்டும்போது தப்பான தகவல் கொடுத்திருந்தால், திருத்திவிட்டு அதை முதல் நாளிலிருந்து மறுபடி ஓட்டலாம். ரத்தமோ ஸ்கேனோ தப்பாக இருந்தால் கொண்டு வா என்றார். ஒரு வாரம் சென்னியப்பன் கோப்பை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. நானே எழுதிய கோப்பு. அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் மீதி மாத்திரைகளைத் திரும்ப வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாத்திரைக் கணக்கில் நாங்கள் கறார். மாதா மாதம் காலி அட்டைகளை வாங்கி எண்ணுவோம். நூற்றுக்கு எண்பது மாத்திரையாவது விழுங்காத ஆள் ஆய்வின் முடிவில் சேர்த்தி இல்லை. சென்னியப்பன் ஒரு அட்டைகூடப் பாக்கி வைத்ததில்லை.

அவர் அலமாரியைத் திறந்தார். முன்னால் இருந்த எவர்சில்வர் சம்படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்து பிரிக்காத அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். மூச்சு எப்படி இருக்கிறது, எத்தனை தலையணை என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். ஒன்பது நாள் மாத்திரை இல்லாமல் அவர் காட்டிய நிதானம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவாத்தாள்தான் தூங்காமல் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாத்திரையும் போச்சு. தைப்பூசத்துக்குச் சென்னிமலை ஏற முடியாமயும் போச்சு. இவரு பொறந்த நாளும் அதுவுமா ஊட்டுக்குள்ளயே உக்கோந்திருக்காரு" என்றார் அவர்.

நான் அட்டைகளை எண்ணுவதை நிறுத்தினேன். "யார் பொறந்த நாள்?"

"இவருதுதானுங். தைப்பூசத்துல பொறந்தவருன்னுதானே சென்னியாண்டவரு பேரை வெச்சாங்க."

"கோப்புல ஜூன் ரெண்டு, 1970ன்னு இருக்கு."

இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அது பள்ளிக்கொடத்துப் பொறந்த நாளுங் அம்முணி" என்றார் சென்னியப்பன்.

நடந்தது இதுதான். அவருடைய அம்மா வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்றரை வயதுகூட நிரம்பாதவரை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூட்டிப் போனார். வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று அர்த்தம். கை நெற்றியோடு நின்றுவிட்டது. ஆனால் அந்த வருடம் வகுப்புக்கு ஒரு தலை குறைந்தது, ஆள் எண்ணிக்கை இல்லாவிட்டால் ஒரு வாத்தியாரை மாற்றிவிடுவார்கள். தலைமை ஆசிரியர் கையைப் பிடித்து எட்டும் மட்டும் இழுத்து, தொட்டுவிட்டது என்றார். பள்ளி திறக்கிற மாதத்தில் ஐந்து முடிந்திருக்கிற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதினார். அந்தத் தேதி சான்றிதழுக்குப் போய், ஆதாருக்குப் போய், என் கோப்புக்கு வந்து, நிழலின் உடம்பில் உட்கார்ந்தது.

"நிஜத்துல எப்ப?"

பாவாத்தாள் உள்ளே போய் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு நோட்டைக் கொண்டு வந்தார். ஜாதகம். விரோதிகிருது வருடம், தை மாதம், பூசம். ஆங்கிலக் கணக்கில் 1972 ஜனவரி கடைசி.

இருபது மாதம். எழுபதுக்கு மேல் விறைத்த இதயத்துக்கு இருபது மாதம் சின்ன விஷயமில்லை. நிழலின் கணக்கில் வயது அந்த இடத்தில் செங்குத்தாக ஏறும். பதினாறு மாதமாகச் சென்னியப்பன் தன்னைவிட மூத்தவன் ஒருவனை நடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

அறக்குழு கூடியது. ஆதாரத்தை அடிப்படையாகக் கொண்ட மருத்துவம் என்று பலகை மாட்டிய அறையில், மேஜை நடுவில் மஞ்சள் தடவிய ஜாதகம் இருந்தது. மருந்து நிறுவனத்தின் ஆள் அதைத் தொடாமல் பார்த்தார். இதை எப்படி மூல ஆவணமாக ஏற்பது என்று கேட்டார். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. அவர் ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டே, சுற்றியிருந்தவர்களிடம் அறுபது தாண்டியவர்கள் தங்கள் பிறந்த தேதியைச் சொல்லும்படி சாதாரணமாகக் கேட்டார். மே 28. ஜூன் 5. ஜூன் 1. கடைசியில் தன்னுடையதையும் சொன்னார். ஜூன் 1. அம்மா ஐப்பசி அடைமழையில் பெற்றதாகத்தான் சொல்லுவார் என்றும் சேர்த்துக்கொண்டார். ஜாதகம் ஏற்கப்பட்டது.

வயதைத் திருத்தி நிழலை முதல் நாளிலிருந்து ஓட்டினேன். பதினாறு மாதம் நான்கு நிமிடத்தில் ஓடியது. செவ்வாய்க்கிழமை பத்து நாற்பது வந்தது, போனது. 0217 பச்சையாகவே நின்றது. கால் வீக்கம் இல்லை. தலையணை ஒன்று.

சென்னியப்பனுக்கு மாத்திரை மறுபடி தொடங்கியது. செத்த பங்காளி எழுந்து வந்தால் என்ன சடங்கு என்று பாவாத்தாள் கேட்டார். சொல்லத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. அவரே முடிவு செய்து பாயசம் வைத்தார். சென்னியப்பன் இரண்டு டம்ளர் குடித்தார். படிவத்தில் பதிவானது, பங்காளியும் குடித்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. மறுநாள் நான் சும்மா இருக்காமல், எங்கள் மையத்தின் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் பிறந்த மாத வரிசையில் அடுக்கிப் பார்த்தேன்.

மே கடைசியிலும் ஜூனிலும் மட்டும் இருநூற்று எண்பத்தேழு பேர். அவர்களின் அம்மாக்கள் எல்லோரும் ஒரே பருவத்தில்தான் பெற்றார்கள் என்று நம்பினால் ஒழிய, அதற்கு ஒரே அர்த்தம்தான்: தேதிகளை எழுதியது தலைமை ஆசிரியர்கள், நிழல்கள் ஆட்களைவிட மூத்தவை.

அதை எடுத்துக்கொண்டு டாக்டர் ஷெரின் அறைக்குப் போனேன். அவர் இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய மாநாட்டில் பேசப்போகிற உரையைத் தயார் செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டு மையங்களில் மஞ்சள் மாத்திரைக்குப் பலன் இருப்பதாகவும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் மையத்தில் மட்டும் நிழல்கள் மளமளவென்று செத்தன, ஆட்கள் பிழைத்தார்கள். ஐம்பத்தொரு நிழல், முப்பத்தொரு ஆள். தமிழர் இதயத்துக்கு இந்த மாத்திரை தனியாகப் பிடிக்கிறது என்று அவர் ஒரு கட்டுரை எழுதி, அதன்மேல் பல நாடுகளில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. மரபணு என்றார்கள், அரிசி என்றார்கள், ஒருவர் மஞ்சள்தூள் என்றார்.

பட்டியலை மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்தார். விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆஸ்பத்திரில பிறந்தவங்க ஊர்ல பலன் இல்ல. வாத்தியார் கையில பிறந்தவங்க ஊர்ல பலன் இருக்கு" என்றார்.

"ஆமா மேடம்."

"இதை வேற யாருக்கும் காட்டினியா?"

"இல்ல."

"திருத்தினா என்ன ஆகும்னு தெரியும்லா? உன் லைன்மேனுக்கும் சேத்துத்தான் மாத்திரை போகும். அவருக்கு வாங்கிக் குடுக்கத்தானே பிள்ளே நீ இவ்வளவு ஓடின."

தெரியும் என்றேன். அவருக்கு முன்னால் ஐம்பத்தொரு பேரிடம் போய், உங்கள் நிழல் செத்துவிட்டது, மாத்திரையைக் கொடுங்கள் என்று சொன்னவள் நான். அவர்களிலும் சிலர் பொய்ச் செய்தி கேட்டவர்கள்தான். அந்த மாத்திரை ஆயுளைக் கூட்டுகிறதா, தலைமை ஆசிரியரின் பேனாதான் கூட்டியதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா. இதை இவ்வளவு நன்றாக நான் சொல்லவில்லை. "சரி பண்ணிரலாம் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரையில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏறிப் போகும் ஒரு கோடு, தட்டையாக ஒரு கோடு, நடுவில் நல்ல இடைவெளி. "என்ன அழகா இருந்துச்சு கேட்டியா" என்று சொல்லிவிட்டு மூடினார்.

ஏழு வாரம் ஒவ்வொருவராகப் போன் செய்து, நிஜத்தில் எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டோம். பலருக்கு அதுதான் அவர்களிடம் ஆஸ்பத்திரி கேட்ட முதல் நல்ல கேள்வியாகப் பட்டது. ஜாதகம் வந்தது. ஞானஸ்நானப் பதிவு வந்தது. பள்ளிவாசல் நோட்டு வந்தது. பிறந்த நாளைப் பற்றிக் கணவனும் மனைவியும் போனிலேயே சண்டை போட்டார்கள். எழுத்தில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தேதியைத் திருத்தும்போதும் சாம்பல் எண்கள் பச்சையாகின. ஒரே வெள்ளிக்கிழமையில் ஐந்து பேர் எழுந்தார்கள்.

முடிவில் செத்த நிழல் முப்பத்துமூன்று. செத்த ஆள் முப்பத்தொன்று. அந்த இரண்டு பேர் வித்தியாசத்தை நாணயம் சுண்டினால்கூடக் கொண்டுவரலாம்.

மஞ்சள் மாத்திரை சுண்ணாம்புதான். சுற்றி வளைத்துச் சொன்னால் 'பலன் நிறுவப்படவில்லை.' ஆய்வு நிறுத்தப்பட்டது. டாக்டர் ஷெரின் மாநாட்டுக்குப் போய்த் தன் கட்டுரை தவறு என்று பேசிவிட்டு வந்தார். கைதட்டல் சுமார்தான் என்றார். ஆனால் சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் வந்து தங்கள் நாட்டிலும் இப்படி ஒரு மாதம் உண்டு என்று காதில் சொன்னார்களாம்.

ஆட்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, மீதி மாத்திரையை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் பெற வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்கு எல்லா நிழல்களையும் அணைத்துவிட உத்தரவு. சென்னியப்பனும் பாவாத்தாளும் மதியம் வந்தார்கள்.

நான் சுற்றாமல் சொன்னேன். மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. தின்ற காலமெல்லாம் தின்றது சும்மா.

"அப்ப எனக்கு மூச்சு நல்லாயிருச்சுங்களே?"

"தினம் அஞ்சாயிரம் அடி நடந்தீங்க. அம்மா உப்பைக் குறைச்சாங்க. பழைய மாத்திரைகளை ஒழுங்கா முழுங்கினீங்க. அதனால நல்லாச்சு. பங்காளிக்கும் அதனாலதான் நல்லாச்சு."

பாவாத்தாள் கணவரைப் பார்த்தார். "ஊறுகாய்க்கு நான் பேசுனப்ப எம்பட மேல எரிஞ்சு உழுந்தீங்களே" என்றார். நியாயம் தன் பக்கம் வந்துவிட்டது அவருக்கு. அத்தோடு விட்டார்.

சென்னியப்பன் பையிலிருந்து அட்டைகளை எடுத்து வைத்தார். பிறகு தயங்கி, இன்னொன்றையும் எடுத்தார். அந்த எவர்சில்வர் சம்படம். அவர்கள் கல்யாணத்துக்கு வந்த சாமான், மூடியில் கொடுத்தவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. என் பக்கம் நகர்த்தினார்.

திறந்தேன். வாய்வரை மஞ்சள் மாத்திரை.

"இதென்ன?"

"அவன் பங்குங்."

பாவாத்தாளுக்கே தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சென்னியப்பன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காத்தால மாத்திரை எனக்கு. ராத்திரி மாத்திரைய அவனுக்குன்னு எடுத்து வெச்சுட்டேனுங். எல்லாத்தயும் பங்கு வெச்சுப்போட்டு, மருந்தை மட்டும் நாம ஒருத்தனே திங்கறது எப்படீங். அவன் அதைத் திங்க மாட்டான்னு எனக்குத் தெரியாதுங்களா. இருந்தாலும் ஒரு இதுக்கு. அன்னைக்கு நீங்க செத்துட்டான்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கலீங். பாதிய வெச்சும் போயிட்டானேன்னு."

"மாத்திரைய நிறுத்தினப்ப இதை எடுத்துத் தின்னிருக்கலாமே?"

"செத்தவன் பங்கைத் திங்கறதுங்களா" என்றார்.

நான் மாத்திரைகளை எண்ணினேன். அது என் வேலை. ஐந்நூற்று நாற்பத்தொன்று. தினம் பாதிதான் விழுங்கியிருக்கிறார். எண்பது சதவீதத்துக்குக் குறைவு, ஆகவே விதிப்படி அவர் கணக்கில் சேர்த்தி இல்லை. ஒரு பெரிய ஆய்வைத் தன் ஜாதகத்தால் கவிழ்த்த மனிதர் அந்த ஆய்விலேயே இல்லை. அதை அவரிடம் சொன்னேன். முடிவு மாறாது, எண் மட்டும் ஒன்று குறையும் என்றும் சொன்னேன்.

"அது கெடக்குதுங்" என்றார். "அவனை ஒருக்காப் பாக்கலாங்களா?"

திரையைத் திருப்பினேன். 0217, பச்சை. நேற்றைய நடை ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து அடி. அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து. உதட்டைச் சுழித்தார்.

"அவன்கிட்ட இதச் சொல்லீராதீங் அம்முணி. ராத்திரி மாத்திரைதான் கெடைச்சுதுன்னு தெரிஞ்சா, பாகம் சரியாப் பிரிக்கலைன்னு வழக்குக்கு வந்துருவான்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சம்படத்தைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தேன். ஐந்து மணிக்கு உத்தரவுப்படி நிழல்களை அணைத்தேன். 0217ஐக் கடைசியில் அணைத்தேன். பட்டியலின் வரிசை அப்படி இல்லை.

ஐந்தேகாலுக்குப் பாவாத்தாள் போன் செய்தார். கைப்பேசியில் பங்காளியைக் காணவில்லை, முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

முடிந்துவிட்டது என்றேன்.

"தண்ணி காஞ்சு இருக்குதுங். தலைக்கு ஊத்தச் சொல்லீறட்டுங்களா?"

ஊற்றச் சொன்னேன்.